தலைக்கு ஊற்றிய தண்ணீர்: தமிழ்க் குடும்பங்களில் பருவப் பேச்சின் வரலாறு

தமிழ்க் குடும்பம் பருவ வயதுப் பிள்ளைகளிடம் உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் வாயே திறப்பதில்லை என்பது மருத்துவர்களும் கல்வியாளர்களும் பல காலமாகச் சொல்லிவரும் குறை. இன்றைய நிலைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். வரலாறாகப் பார்த்தால் பாதிதான் பொருந்தும். பேச்சு இருந்தது. அது தாய் தந்தையர் வாயிலிருந்து வரவில்லை என்பதே செய்தி. அத்தை, பாட்டி, அண்ணி, ஊர் மருத்துவச்சி, மாற்றுத் துணி கொண்டுவரும் வண்ணார் குலப் பெண் ஆகியோர் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தனர்; பெற்ற தாய் அருகிலேயே இருந்தாலும் அவளுக்கு அதில் சொல்லும் பங்கு மிகக் குறைவு, தந்தைக்கோ அறவே இல்லை. அந்தப் பேச்சும் மகளை நோக்கியதே தவிர மகனை நோக்கியதன்று. பிள்ளைப்பேற்றைப் பற்றியதே தவிர நோயைப் பற்றியோ விருப்பத்தைப் பற்றியோ அன்று. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்த ஏற்பாடு மெல்லக் கலைந்தது. கலைந்த இடத்தில், முன்பு எவரும் பெற்றோருக்கு ஒப்படைத்திராத ஒரு பொறுப்பு அவர்கள் தலையில் வந்து விழுந்தது.

பேச்சு இருந்ததற்கு முதற்சான்று மொழியே. ஒருத்தி கருவுற்றிருப்பதை ஊர்ப்புறத்தில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்றும், 'குளிக்காமல் இருக்கிறாள்' என்றும் சொல்வர். மாதவிலக்கு முடிந்த நாளில் தலைக்குக் குளிப்பது வழக்கம் ஆதலால், அந்தக் குளியல் நின்றால் விலக்கு நின்றது என்றும், விலக்கு நின்றால் கரு தங்கியது என்றும் கேட்பவர் தாமே கூட்டிப் பொருள்கொள்ள வேண்டும். இரண்டே சொல்லில் கருத்தரிப்பின் முதல் அடையாளம் முழுவதும் அடங்கியிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டு வளர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு எவரும் தனியே பாடம் நடத்தாமலே அது புரிந்துபோகும். 'நாள் தள்ளிப் போயிருக்கிறது', 'வீட்டுக்குத் தூரம்', 'வீட்டு விலக்கு' போன்றவையும் இவ்வகையினவே. முதல் பூப்பைக் குறிக்க மட்டும் பூப்பெய்துதல், பருவமடைதல், வயதுக்கு வருதல், ஆளாதல், சமைதல், திரளுதல், ருதுவாதல் எனச் சொற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. ஈழத்தில் பெரியபிள்ளையாதல் என்பதும் சாமத்தியப்படுதல் என்பதும் வழக்கு. சாமர்த்தியம், அதாவது தகுதி என்னும் சொல்லே அங்கு சாமத்தியம் என மருவியது. இத்தனை பெயரிட்டு அழைத்த ஒன்றைப் பற்றி ஒரு சமூகம் பேசாமலே இருந்தது என்று கொள்வது கடினம்.

பெற்றோர் தவிர்த்த பிறர்வழியே பேசும் முறைக்குப் பழைய இலக்கணத்திலும் தடம் உண்டு. அகப்பொருள் மரபில் 'அறத்தொடு நிற்றல்' என்றொரு துறை இருக்கிறது. தலைவியின் களவுக் காதலை உரியவர்க்கு உரிய முறையில் வெளிப்படுத்துவது என்பது அதன் பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நம்பி அகப்பொருள் அதற்கு ஒரு வரிசையை வகுக்கிறது: தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, அதாவது வளர்ப்புத் தாய்க்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்கு, அதாவது பெற்ற தாய்க்குச் சொல்வாள், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். அதற்கு மிக முந்திய தொல்காப்பியமும் தந்தையும் தமையனும் குறிப்பால் அறிவார்கள் என்றே சொல்கிறது. இலக்கண விதியைச் சமூக வழக்கம் என்று அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. ஆயினும் மகளின் உடலும் மனமும் சார்ந்த செய்தி பெற்றோரை வந்தடைவதற்குள் இரண்டு வாய் மாற வேண்டும், தந்தைக்கு அது வெளிப்படையான சொல்லாகவே போகக் கூடாது என்ற ஒழுங்கு, இலக்கணம் எழுதியவர்களுக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது என்பதை ஒதுக்கிவிட முடியாது.

அதே தொல்காப்பியம் கற்பியலில், மனைவியின் பூப்பை ஒட்டிய பன்னிரண்டு நாட்களில் கணவன் அவளை விட்டுப் பிரிந்திருப்பது அறமன்று என்கிறது. உரையாசிரியர்கள் அதைக் கருத்தரிக்கும் காலத்தோடு சேர்த்து விளக்கினர். கருத்தரிக்க ஏற்ற நாட்கள் மாதச் சுழற்சியின் நடுப்பகுதியை ஒட்டி விழுகின்றன என்பதை இன்றைய மருத்துவமும் சொல்வதால், அந்தக் கணக்கை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் இங்கும் அறிவுரை கணவனுக்கே. பருவம் எய்தும் பிள்ளைக்கன்று.

பிள்ளைக்கு உரிய பேச்சு நடந்த இடம் பூப்புச் சடங்கு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலில் இச்சடங்கு சாதிதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. விவரங்கள் வேறுபட்டாலும் எலும்புக்கூடு ஒன்றே. செய்தி தெரிந்ததும் சிறுமியை வீட்டின் ஓர் ஓரத்தில் உட்கார வைப்பர். சில ஊர்களில் தாய் முதலில் பார்க்கக் கூடாது என்றும் நம்புவர். தாய்மாமனுக்கு ஆள் போகும். அவர் பச்சை ஓலையால் 'குச்சு' என்னும் சிறு குடிலைக் கட்டித் தருவார். ஒன்பது, பதினொன்று, பதினாறு எனச் சாதிக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும் நாட்கணக்குவரை அவள் அதில் இருப்பாள். தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய், வாசலில் குறுக்கே ஓர் உலக்கை. முடிவில் அத்தை முறையுடைய சுமங்கலிப் பெண்கள் மஞ்சள் கலந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவர், தாய்மாமன் சீர் வைப்பார், குச்சைப் பிரித்துக் கொளுத்துவர்.

இந்தச் சடங்கை ஊருக்கு விடுக்கும் திருமண அறிவிப்பு என்று மட்டும் பார்ப்பது பழகிப்போன பார்வை. அது அறிவிப்புத்தான், மறுப்பதற்கில்லை. முறைமாப்பிள்ளைக்கு உரிமை நினைவூட்டும் அறிவிப்பு, சீர் வரிசையின் மதிப்பைக் காட்டும் அறிவிப்பு. ஆனால் குச்சுக்குள் கழிந்த நாட்கள் வேறொரு வேலையையும் செய்தன. காலையில் வெறும் வயிற்றில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைத்துக் குடிக்கச் செய்து, அந்த முட்டை ஓட்டிலேயே நல்லெண்ணெயை நிரப்பி அதையும் குடிக்கச் செய்வர். அடுத்து உளுந்து மாவும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய களி. சிறுமி குமட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பும்போது பாட்டி சொல்லும் காரணங்கள் இருக்கின்றனவே, அவைதாம் பாடம்: இடுப்பு எலும்பு வலுப்பட வேண்டும், கருப்பை பலப்பட வேண்டும், நாளைக்கு ஒரு பிள்ளையைத் தாங்க வேண்டும். துணியை எப்படி மடிப்பது, எத்தனை முறை மாற்றுவது, எங்கே துவைத்து எங்கே உலர்த்துவது, எண்ணெய் வைக்காத நாள் எது, தலைக்குக் குளிக்கும் நாள் எது என்பனவெல்லாம் அந்நாட்களில் கைமாறின. நலங்கு வைக்கும்போது முறைப்பெண்கள் பாடிய கேலிப் பாடல்கள், பாட்டியே சொல்லத் தயங்கியதைச் சிரிப்போடு சேர்த்துச் சொல்லின. கேலி செய்யும் உரிமை மாமன் மகள், அத்தை மகள் போன்ற முறை உறவுகளுக்கே உண்டு, தாய்க்கு இல்லை என்பதைக் கவனித்தால், யார் பேசலாம் என்பதை உறவு முறையே வரையறுத்திருந்தது புலப்படும்.

உறவுக்கு வெளியே இருந்த இரு பெண்களின் பங்கைப் பெரும்பாலான நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஒருத்தி வண்ணார் குலப் பெண். தீட்டுப்பட்ட துணியை எடுத்துச் செல்வதும், 'மாத்து' என்னும் வெளுத்த மாற்றுத் துணியைக் கொண்டுவந்து தருவதும் அவள் கடமை. எந்த வீட்டில் யாருக்கு எந்த மாதம் துணி வரவில்லை என்பது ஊரில் முதலில் தெரிவது அவளுக்கே. மற்றவள் மருத்துவச்சி, பெரும்பாலும் நாவிதர் குலத்தவள். பிரசவம் பார்ப்பதோடு விலக்கு ஒழுங்கற்றுப் போனாலும் வெள்ளைப்படுதல் கண்டாலும் கை மருந்து சொல்பவள். ஆக, பெண்ணுடலைப் பற்றிய நடைமுறை அறிவின் பெரும்பகுதி, சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த பெண்களின் கையில் இருந்தது. அவர்கள் உதவி இல்லாமல் வீடு நடக்காது, அவர்களுக்குத் திண்ணைக்கு மேல் இடமும் கிடையாது. தீட்டு என்னும் கருத்துத்தான் அந்த அறிவை அவர்களிடம் ஒப்படைத்தது. அதே கருத்துத்தான் அதை மதிப்பற்றதாகவும் ஆக்கியது.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக வருணிப்பதற்கு இடமில்லை. குச்சுக்குள் இருந்த சிறுமிக்குச் சொல்லப்பட்டதைவிடச் சொல்லப்படாதது அதிகம். குருதி ஏன் வருகிறது என்பதற்குப் பதில் 'உடம்புச் சூடு', 'கெட்ட ரத்தம்' என்ற அளவோடு நின்றது. ஆணைப் பற்றிய அறிவுரை 'இனி ஆம்பிளைப் பிள்ளைகளோடு விளையாடாதே' என்ற ஒற்றை விலக்கோடு முடிந்தது. தொடக் கூடாத ஒருவன் தொட்டால் என்ன செய்வது என்பதற்கும், கணவனிடம் 'வேண்டாம்' என்று சொல்லலாமா என்பதற்கும் அந்தப் பாடத்தில் இடமே இல்லை. அச்சமும் ஒதுக்கலும் பாடத்தின் பிரிக்க முடியாத பகுதிகளாயிருந்தன. மதுரை மாவட்டம் கூவலாபுரம் போன்ற ஊர்களில் விலக்கான பெண்கள் தங்குவதற்கென ஊருக்குப் பொதுவான தனி அறை இந்த நூற்றாண்டிலும் இருந்துவருகிறது.

சமயம் சிலருக்கு வேறு வழியையும் திறந்தது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் தொழுகைக்குத் தூய்மை கட்டாயம் என்பதால், மாதவிலக்குக்குப் பின்னும் விந்து வெளிப்பட்ட பின்னும் 'குளிப்பு கடமையாகும்' என்ற விதியைப் பிள்ளைகள் மார்க்கக் கல்வியின் பகுதியாகவே கற்றனர். 'பாலிகாதல்', அதாவது பருவமடைதல் என்பது அங்கு மகனுக்கும் உரிய சொல். அந்த நாள் முதல் தொழுகையும் நோன்பும் அவன்மீது கடமை. உறக்கத்தில் விந்து வெளிப்படுவதை நோயாகவோ பாவமாகவோ கருதாமல், குளித்தால் தீரும் ஒரு நிலையாகப் பையனுக்குச் சொல்லித்தந்த முறை தமிழகத்தில் ஏறக்குறைய இது ஒன்றே. கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் திருமணத் தயாரிப்பு வகுப்புகளும் தாம்பத்தியத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றன. ஆனால் அவை திருமணம் நிச்சயமானவர்களுக்கு, பதின்மூன்று வயதினருக்கன்று.

பழைய ஏற்பாடு ஒரு காலக் கணக்கின்மேல் நின்றது: பூப்புக்கும் திருமணத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி கூடாது. பிராமணக் குடும்பங்களில் இடைவெளியே கூடாது என்பது விதி. பெண் பூப்பெய்துவதற்கு முன்பே மணம் முடித்து, பூப்பெய்திய பின் சாந்தி முகூர்த்தம் என்னும் கூடல் சடங்கோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புவர். மணமாகாத மகள் பூப்பெய்திவிட்டால் அது வெளியே தெரியாமல் மறைத்த வீடுகள் பல. இந்தக் கணக்கைச் சட்டம் கலைத்தது. கல்கத்தாவில் பத்து வயதைச் சற்றே கடந்த புல்மணி என்னும் சிறுமி கணவனின் வன்செயலால் இறந்த வழக்கை அடுத்து, உடலுறவுக்கு இசைவு தெரிவிக்கும் வயது 1891-ல் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. பூப்புக்குப் பின் மணம் செய்வதைச் செல்லத்தக்கதாக்கும் மசோதாவை வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1914-ல் சென்னைச் சட்ட சபையில் கொண்டுவந்து வைதிகர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அதே சபையில் உறுப்பினரானபின் பெண்ணின் மண வயதை உயர்த்த வாதாடினார். சாரதா சட்டம் என வழங்கும் குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் என எல்லை வகுத்தது.

இந்த விவாதங்கள் குடும்பத்தின் அந்தரங்கத்தைச் சட்ட சபைக்கும் செய்தித்தாளுக்கும் கொண்டுவந்தன என்பது பலரும் எழுதியது. அவ்வளவாகக் கவனிக்கப்படாத விளைவு இன்னொன்று: மண வயது ஏற ஏற, பூப்புக்கும் மணத்துக்கும் நடுவே ஒரு புதிய வெளி தோன்றியது. முன்பு சில மாதங்களாகவோ ஓரிரு ஆண்டுகளாகவோ இருந்த அந்த இடைவெளி, பள்ளியும் கல்லூரியும் வந்தபின் பத்தாண்டுக்கு மேல் நீண்டது. 'வளரிளம் பருவம்' என்று இன்று பாடநூல் பெயரிடும் காலம் அது. குச்சுக்குள் சொன்ன பாடம் நாளையே மனைவியாகப் போகிறவளுக்கானது; இனி பத்தாண்டு பேருந்தில் ஏறிப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வரப் போகிறவளுக்கு அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை. அத்தையிடமும் அதற்குச் சொல் இல்லை, ஏனெனில் அத்தை அப்படி ஒரு வயதை வாழ்ந்தவளே அல்லள்.

அந்த வெளியை நிரப்ப அச்சு வந்தது. சென்னையில் 1928-ல் நியோ-மால்தூசியன் லீக் என்ற பெயரில் கருத்தடைப் பிரசார அமைப்பு ஒன்று தோன்றியது. பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத் தடையை, மக்கள்தொகைக் கணக்குக்காக அன்றிப் பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று வாதாடினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. பாரதிதாசன் அதைக் கவிதைப் பொருளாக்கினார். மேடையிலும் இதழிலும் இவ்வளவு துணிவாக எழுந்த பேச்சு வீட்டுக் கூடத்துக்குள் எவ்வளவு நுழைந்தது என்பது வேறு கேள்வி. சுயமரியாதைத் திருமணம் தாலியையும் புரோகிதரையும் விலக்கியது போல, பருவப் பிள்ளையோடு பேசுவதற்கென்று புதிய வடிவம் எதையும் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் குடும்பத்துக்குள் உருவாக்கவில்லை. பூப்பு நீராட்டைக் கண்டித்தது, அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை.

தாய் நேரடியாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு, வரலாற்றைவிட இலக்கியம் கூர்மையான சான்று ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வெளியானது. முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிக் கற்பிழந்ததாக எண்ணிக் கலங்கி வரும் கல்லூரி மாணவியின் தலையில் தாயே தண்ணீரை ஊற்றி, நீ தூயவள் என்று தேற்றுகிறாள். பூப்பு நாளில் அத்தை ஊற்ற வேண்டிய தண்ணீர் இங்கே பெற்ற தாயின் கையிலிருந்து விழுகிறது. மகளின் உடலுக்கு நேர்ந்ததை ஊருக்குச் சொல்லாமல், உறவுக்குச் சொல்லாமல், இருவருக்குள்ளேயே தாய் முடித்துவிடுகிறாள். கதைக்கு எழுந்த எதிர்ப்பு அக்காலத்தில் புகழ்பெற்றது. அதன் தொடர்ச்சியாக ஜெயகாந்தன் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் அப்படிச் செய்வதில்லை. கூச்சலிடுகிறாள், அக்கம்பக்கம் அறிகிறது, மகளின் வாழ்வு திசைமாறுகிறது. ஒரு தாய் எப்படி இருக்கலாம் என்பதை முதல் கதையும், எப்படி இருந்தாள் என்பதை நாவலும் காட்டுகின்றன எனலாம். நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இதுவரை சொன்ன வரலாற்றில், முஸ்லிம் குடும்பங்களைத் தவிர, மகன் வரவில்லை. வராததற்குக் காரணம், அவனுக்கென்று சொல்ல வரலாறு ஏறக்குறைய இல்லை. பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று தொடங்கி ஏழு பருவமாகவும், ஆணின் வாழ்வைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை என்று தொடங்கி ஏழு பருவமாகவும் பகுக்கின்றன. பின்னவற்றில் பெரும்பாலானவை வலிமையின் பெயர்கள், உடல் மாற்றத்தின் பெயர்கள் அல்ல. பேச்சு வழக்கிலும் மகனைப் பற்றி 'மீசை முளைத்துவிட்டது', 'தொண்டை கட்டிவிட்டது' என்று முகத்தோடும் குரலோடும் நிறுத்திக்கொள்வர். கொக்கோகம், அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்கும் தமிழ்க் காம நூல், அச்சில் மலிவாகக் கிடைத்தது. அது தந்தை மகனுக்கு வாங்கித் தந்ததன்று, மகன் தந்தைக்குத் தெரியாமல் புரட்டியது.

அந்த வெற்றிடத்தில் கடை விரித்தவர் லாட்ஜ் வைத்தியர். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊரில் இன்ன விடுதியில் முகாம் என்று பேருந்து நிலையச் சுவரிலும் கழிப்பறைச் சுவரிலும் ஒட்டிய சுவரொட்டி, 'வாலிப வயோதிக அன்பர்களே' என்னும் விளிப்பு, அதன் கீழே கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், விந்து நஷ்டம், நரம்புத் தளர்ச்சி என்று வரிசையாக நோய்ப் பெயர்கள். ஒரு துளி விந்து இத்தனை துளி இரத்தத்துக்குச் சமம் என்ற கணக்கை நம்பிய பையன், இயல்பாக நிகழும் ஒன்றை நோயென்று எண்ணி, மிச்சம் பிடித்த பணத்தோடு விடுதி மாடிப்படி ஏறினான். விந்து வெளியேறுவதால் உடல் தேய்வதில்லை என்பதை எந்த மருத்துவரும் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். இந்த அச்சத்தால் சோர்வும் மனக் கலக்கமும் கொண்டு வரும் இளைஞர்களின் நிலைக்கு இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960-ல் 'தாத்' நோய்த்தொகுதி என்று பெயரிட்டார். தாது என்னும் சொல்லே அதன் வேர். வீட்டில் ஒருவர் பேசாமல் விட்ட ஐந்து நிமிடத்தின்மேல் ஒரு வணிகமே எழுந்தது என்பது மிகைக் கூற்றன்று.

அரசு பேசத் தொடங்கியபோதும் பிள்ளைகளை நோக்கிப் பேசவில்லை. இந்தியா 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற முழக்கமும் பேருந்தின் முதுகிலும் ஆரம்பச் சுகாதார நிலையச் சுவரிலும் ஏறின. 1968 முதல் நிரோத் ஆணுறை பெட்டிக்கடை வரை வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதை உரக்கப் படித்து 'இது என்ன?' என்று கேட்டது. பெரியவர் பேச்சை மாற்றினார். தமிழகம் 1990-களின் முற்பகுதியிலேயே பிள்ளைப்பேற்றைச் சராசரி இரண்டளவுக்குக் குறைத்துக் காட்டியது, அதற்காக ஊர் ஊராகப் பெரும் பிரசாரமும் நடந்தது. ஆனால் அதன் சொற்கள் எல்லாம் மணமானவர்களுக்கு உரியவை, அறுவைச் சிகிச்சை மேசையோடு முடிபவை.

மணமாகாதவரையும் சேர்த்துப் பேசியே ஆக வேண்டிய கட்டாயம் நோயினால் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, ஆய்வு மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் திரட்டிய இரத்த மாதிரிகளில் 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-ல் அமைந்தது. 2003 வாக்கில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற ஒற்றைக் கேள்வி மாநிலமெங்கும் விளம்பரப் பலகைகளில் நின்றது. புள்ளிராஜா யார் என்று பிள்ளைகளும் கேட்டார்கள், பெரியவர்களும் கேட்டுக்கொண்டார்கள். விடையைக் கற்பனைப் பெயரின்மேல் ஏற்றிச் சொல்ல முடிந்ததால், உறவினர் பெயரைச் சொல்லாமலே வீட்டுக்குள் உறையைப் பற்றிய பேச்சு நிகழ்ந்தது. கேலி உறவுகள் முன்பு செய்த வேலையை ஒரு விளம்பரப் பாத்திரம் சில காலம் செய்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் விஜய் தொலைக்காட்சியின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதமும் மருத்துவர் ஷர்மிளாவும் நேயர்களின் பாலியல் ஐயங்களுக்கு விடை சொன்னார்கள். மாத்ருபூதத்தின் நகைச்சுவையும் சலிப்பற்ற குரலும் தமிழில் இப்பொருளைப் பேசுவதற்கு ஒரு நடையையே ஏற்படுத்தின. பாட்டியும் அத்தையும் விட்ட இடத்தில் டாக்டர் வந்து அமர்ந்தார் என்று சொன்னால் பொருந்தும். ஒரு வேறுபாடு, அத்தைக்குச் சிறுமியின் பெயர் தெரியும், டாக்டருக்குக் கேள்வி அனுப்பியவரின் ஊரும் தலைப்பெழுத்தும் மட்டுமே தெரியும். நிகழ்ச்சி இரவில் வந்தது. பெரும்பாலான வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் அதைச் சேர்ந்து பார்க்கவில்லை, தனித்தனியே பார்த்தனர்.

சேர்ந்து பேசுவதற்கு இருந்த எதிர்ப்பு எவ்வளவு வலியது என்பதை 2005 காட்டியது. திருமணத்துக்கு முந்திய உறவைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் நடிகை குஷ்பு ஒரு வார இதழில் சொன்ன கருத்துக்காக அவர்மீது 23 வழக்குகள் தொடரப்பட்டன. தமிழ்ப் பண்பாட்டை இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரலில் அனைத்தையும் தள்ளுபடி செய்தது. உறவில் ஈடுபடும் பெண் கருத்தரிப்பிலிருந்தும் பால்வினை நோயிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அக்கருத்தின் ஒரு பகுதி. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் இந்தியாவின் பல மாநிலங்கள் நிறுத்திவைத்ததும் இதே காலத்துக் கதை.

அச்சத்தின் திசையை மாற்றியது சட்டமே. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் 'துளிர்' அமைப்பு, தன் உடலைக் காக்கும் கல்வியைப் பள்ளிகளிலும் பெற்றோரிடையேயும் கொண்டுசென்றிருந்தது. 'குட் டச், பேட் டச்' என்ற ஆங்கிலத் தொடர் தமிழ் வீடுகளில் இன்று 'தீட்டு' என்பதைவிடத் தயக்கமின்றிப் புழங்குகிறது. தந்தையும் சொல்கிறார், மகனிடமும் சொல்கிறார். தமிழ்க் குடும்பத்தில் தந்தை வாயால், மகன் காதில், உடலைப் பற்றி நேரடியாக விழுந்த முதல் பொதுச் சொற்றொடர் இதுவாகவே இருக்கக்கூடும். அதே சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் இசைவான உறவையும் குற்றமாக்குவதால், மகளின் காதலை அறிந்த பெற்றோர் பேசுவதற்குப் பதில் காவல் நிலையம் செல்லும் வழக்குகளும் பெருகின. பதின்ம வயதினரின் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு வழக்கில் குறிப்பிட்டது.

சடங்கும் போய்விடவில்லை, இடம் மாறியது. கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு அரசு இலவச நாப்கின் தரும் 'புது யுகம்' திட்டம் வந்தபின் மாத்துத் துணி தேவையற்றுப் போயிற்று. மருத்துவச்சியின் வேலையை ஆரம்பச் சுகாதார நிலையம் எடுத்துக்கொண்டது. குச்சை அலங்காரக்காரர் மண்டபத்துக்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். டொராண்டோவிலும் லண்டனிலும் ஈழத் தமிழர் சாமத்திய வீட்டைப் பள்ளி விடுமுறைக்கு ஏற்பப் பல மாதம் தள்ளி நடத்துகிறார்கள். அத்தை சொம்பிலிருந்து ஊற்றும் தண்ணீர் இப்போது ஒளிப்படத்துக்கு ஒரு துளி. உளுந்தங்களியோடு சேர்த்துச் சொன்ன காரணங்களைச் சொல்ல அந்த மேடையில் நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

மிஞ்சியிருப்பது பாடநூல். தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவத்தைப் பற்றியும், பத்தாம் வகுப்பு நூலில் இனப்பெருக்கத்தைப் பற்றியும் படத்தோடு பாடம் இருக்கிறது. கருப்பையும் விந்தகமும், மாதச் சுழற்சியும், பால்வினை நோய்களும் அங்கே கூச்சமற்ற தமிழில் பெயரிடப்பட்டுள்ளன. வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் பக்கத்தைத் தள்ளும் ஆசிரியர்களைப் பற்றித் தமிழகத்தில் படித்த எவரும் அறிவர். வீடு அதைப் பள்ளியில் படித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறது. எப்படித் தொடங்குவது, எந்தச் சொல்லைச் சொல்வது என்று தயங்கும் பெற்றோர், பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து அந்த நூலை எடுத்து, ஆசிரியர் தள்ளிய பக்கத்தை மகளுக்கும் மகனுக்கும் சேர்த்தே ஒரு மாலையில் வாசித்துக் காட்டட்டும்.